எத்தன சென்டி?

கல்யாணமாகி ஆறு வருசம் எனக்கு வயித்துல ஒண்ணும் தங்கலை. ஏழாவது வருசம் தங்குச்சு. அந்தச் சந்தோசத்தை முழுசா ஒரு வாரம் வெச்சுக்க முடியலீங்க. எங்க ஊட்டுக்காரரோட தம்பியைக் கட்டிக்கிட்டு நாலே மாசம் ஆயிருந்த என் ஓர்ப்படியா அடுப்படியில வந்து நின்னா. அவளுக்கும் நாள் தள்ளிப் போயிருக்காம். சிரிச்சுக்கிட்டே கட்டிப் புடிச்சேன். உள்ளுக்குள்ள எரிஞ்சுது. வயித்தெரிச்சல்னு சும்மாவா பேர் வெச்சாங்க?

ஒரே ஊடு, ஒரே அடுப்பு, ரெண்டு பேருக்கும் வாரக் கணக்கும் ஒண்ணுதான். மலை மேல வளப்பூர் நாட்டுல எங்க பக்கத்துக்கெல்லாம் ஒரே நர்ஸம்மா, கீழ நாட்டுல இருந்து வேலைக்கு வந்தவங்க. படுக்கச் சொல்லி, வயித்தை அமுக்கிக் கர்ப்பப்பை மேல எங்க முடியுதுன்னு தடவிப் பாப்பாங்க. அடிவயித்து எலும்புல இருந்து அது வரைக்கும் டேப்பு புடிப்பாங்க. தையக்காரங்க வெச்சிருக்கற அதே டேப்பு. எத்தனை வாரமோ கிட்டத்தட்ட அத்தனை சென்டி இருந்தாத்தான் பிள்ளை ஒழுங்கா வளருதுன்னு சொன்னாங்க.

எங்க ஊட்டுல அதைப் பரிச்சை மார்க்கா ஆக்கிட்டாங்க. செருப்பைக் கழட்டறதுக்குள்ள மாமியா, "எத்தன சென்டி?"ம்பாங்க. இருபத்தெட்டாவது வாரம் அவளுக்கு இருபத்தெட்டு, எனக்கு இருபத்தஞ்சு. அடுத்த நாளு அவ தட்டுல முட்டை ரெண்டு, என் தட்டுல ஒண்ணு. வளர்ற பிள்ளைக்குத்தான தீனி வேணும்னு மாமியா நியாயம் வேற பேசுனாங்க. சின்னதா இருக்கறதுக்கில்லீங்க சேத்துப் போடோணும்? பைப்படியில தண்ணி புடிக்கறவங்ககூட அவ வயித்தைப் பாத்துட்டு அப்பறந்தான் என்னுதைப் பாத்தாங்க. பங்காளிக் காய்ச்சல் ஆம்பளைங்களுக்கு மட்டுந்தான் வரும்னு யாரு சொன்னது? எனக்கு மூணே மூணு சென்டி கூட வேணும், அவ்வளவுதான்.

அதுக்கு வழி நர்ஸம்மா வாயில இருந்தே கெடைச்சுது. அளக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒண்ணுக்குப் போயிட்டு வரச் சொல்லுவாங்க. மூத்திரப்பை நெறைஞ்சிருந்தாக் கர்ப்பப்பையை மேல தூக்கிரும், அளவு பொய்யாக் கூடிக் காட்டும்னு வேறொரு பொண்ணுக்கு அவங்க வெளக்கிட்டு இருந்ததை நான் காதுல வாங்கிக்கிட்டேன்.

முப்பத்தி ரெண்டாவது வாரம். ஊட்டுலயே ரெண்டு சொம்பு தண்ணியைக் குடிச்சேன். வழியெல்லாம் அவ பக்கத்துல நெளிஞ்சுக்கிட்டே போனேன். நர்ஸம்மா போயிட்டு வரச் சொன்னதும் கக்கூசுக்குள்ள போயி, சும்மா ஒரு மக்குத் தண்ணியை ஊத்திட்டு வந்து படுத்துக்கிட்டேன். அவளை முதல்லயே அளந்தாச்சு, முப்பத்தி ரெண்டு. என்னுது முப்பத்தொண்ணு. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தாலும் மனசுக்குள்ள குதிச்சேன். நர்ஸம்மா, எட்டிப் புடிச்சிருச்சே, பரவாயில்லைன்னு சொல்லிக்கிட்டே எழுதப் பேனாவை எடுத்தாங்க.

பெஞ்சில உக்காந்திருந்த ஓர்ப்படியா எந்திரிச்சா.

"ஏனுங்க, அக்கா ஒண்ணுக்குப் போகலீங்க. காலையில இருந்து அடக்கி வெச்சிருக்குது. மறுபடி அளந்து பாருங்க."

எனக்கு மானம் போச்சு. ஒரு சென்டி பக்கத்துல வந்ததுகூட இவளுக்குப் பொறுக்கலையான்னு அவளை அறையலாம் போல இருந்துச்சு. போயிட்டு வந்து படுத்தேன். டேப்பு இருபத்தெட்டுல நின்னுது. நர்ஸம்மா மூணு தடவை அளந்தாங்க. திட்டுவாங்கன்னு பாத்தா, எனக்கு அன்னைக்கே கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதுனாங்க.

பஸ்ஸுல அவதான் கூட வந்தா. அத்தனை வளைவு எறங்கியும் நான் ஜன்னல் பக்கமிருந்து மொகத்தைத் திருப்பவே இல்லை.

ஸ்கேன்ல பிள்ளைக்கு ரத்தம் சரியாப் போகலைன்னு தெரிஞ்சுது. அங்கயே படுக்க வெச்சாங்க. ரெண்டு வாரத்துல வயித்தைக் கிழிச்சு எடுத்தாங்க. பொண்ணு, ஒன்றரைக் கிலோ. அடுத்த மாசம் அளந்துக்கலாம்னு விட்டிருந்தாப் பிள்ளை இருந்திருக்காதும்மான்னு டாக்டரம்மா சொன்னாங்க.

பாக்க வந்த ஓர்ப்படியாகிட்ட, அன்னைக்கு எதுக்குடி நீ அப்படிச் சொன்னேன்னு கேட்டேன்.

"பிள்ளை முன்ன மாதிரி உதைக்கறதில்லைன்னு நீங்கதானுங்க அக்கா சொன்னீங்க. எனக்கு அதே நெனப்பா இருந்துச்சுங்க. பயந்துட்டேன்."

ஆமா, சொல்லியிருக்கேன். அவளுது குதிக்குது, என்னுது சும்மா கெடக்குதேன்னு அங்கலாய்ச்சிருக்கேன். சொன்னது எனக்கு நெனப்பே இல்லை.

இப்ப என் பொண்ணு ஒண்ணாப்பு போறா. சித்தின்னா உசுரு. முட்டைக்குப் பட்ட பொறாமை, மாமியா அவளைக் கொஞ்சுனதுக்குப் பட்ட பொறாமை எல்லாம் எப்பவோ ஆறிப் போச்சுங்க. ஒண்ணு மட்டும் ஆறலை. என் வயித்துல இருந்த பிள்ளைக்காக அன்னைக்குப் பயந்தவ அவ. நான் அவளோட நம்பரை எட்டிப் புடிக்கத்தான் படுத்திருந்தேன். அந்தப் பயம் எனக்கு வராம அவளுக்கு வந்துச்சேன்னு இன்னைக்கும் வயிறு எரியுது.