மலையை இடப்பக்கம் வைத்து நடந்தவர்கள்

அறிக்கையில் என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அதைப் போட்டிருந்தால் அடி அண்ணாமலையில் இருபது வீட்டு மாடுகளுக்குத் தண்ணீர் இல்லாமல் போயிருக்கும்.

எழுபதுகளின் கடைசி. பழைய சுவரோவியங்களைப் படியெடுக்கும் டிராப்ட்ஸ்மேன் வேலை எனக்கு. அடி அண்ணாமலைக் கிரிவலப் பாதை மண்டபம் ஒன்றில் ஓர் ஓவியம் இருந்தது. பின்னால் மலை, நடுவில் அதே மண்டபம், பக்கத்தில் குளம், முன்னால் வரிசையாக நடக்கும் பக்தர்கள். இரு பக்கமும் கோடு தெரியும் டிரேசிங் தாளில் எடுத்து, அதை மெஷினில் வைத்து அமோனியா பிரிண்டாக நகல் போட்டேன். அடுத்த திருப்பணியில் அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள்.

பிறகு தகராறு வந்தது. மண்டபத்துக்கு வடக்கே தூர்ந்து கிடக்கும் பள்ளம்தான் ஊர்ப் பொதுக்குட்டை என்றார்கள் விவசாயிகள். மழைநீர் தேங்கினால் அங்கேதான் மாடுகள் குடிக்கும். பக்கத்து நிலக்காரரோ, பழைய குட்டை தெற்கே இருந்தது, இந்தப் பள்ளம் தன்னுடையது என்றார். தாலுகா ஆபீசில் எங்களிடம் அறிக்கை கேட்டார்கள். அங்கே மலையைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் வடக்கு, வலக்கைப் பக்கம் தெற்கு; என் பிரிண்டில் குளம் வலப்பக்கம், அதாவது தெற்கே இருந்தது.

"நீ எடுத்த படிதானய்யா, அப்புறம் இன்னா யோசனை?" என்றார் எங்கள் அதிகாரி. டைப் அடித்தாயிற்று. எதற்கும் இடத்தை ஒரு தரம் பார்ப்போம் என்று போனேன்.

பள்ளத்தருகே கோவிந்தம்மா என்ற விவசாயி இரண்டு மாடுகளோடு நின்றிருந்தார். "இது போச்சுன்னா மாட்ட வித்துட வேண்டியதுதான் சார்," என்றவர், என் கையிலிருந்த பிரிண்டை வாங்கிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, எல்லாரும் மலைய எடக்கைப் பக்கமா வச்சிட்டுப் போறாங்க? எந்த ஊர்ல சார் இப்டி சுத்துவாங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மலை வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும் என்பது இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். பௌர்ணமி தவறாமல் சுற்றுகிறவன் நான். இரண்டு வருஷம் அந்தப் படம் என் மேஜைக்கு எதிரே தொங்கியது. கண் எங்கே போயிருந்ததோ.

ஆபீசுக்கு ஓடி டிரேசிங்கைத் தேடி எடுத்தேன். பிரிண்ட் மெஷினில் தாளைக் குப்புற வைத்திருக்கிறேன், மடையன். இடம் வலமாக மாறிவிட்டது. நேராகப் பார்த்தால் குளம் வடக்கே.

அப்பாடா என்று இருந்தது. ஆனாலும் 'வடக்கே' என்று அடித்துச் சொல்லவும் பயம். அழகுக்காகக் குளம் போடும் ஓவியர்களும் உண்டு. 'என் படி தவறு. ஓவியம் வடக்கைக் காட்டுகிறது. பள்ளத்தைத் தோண்டிப் பார்த்து முடிவெடுக்கவும்' என்று எழுதினேன்.

"உன் தப்ப நீயே எழுதித் தர்றியா?" என்றார் அதிகாரி.

"ஆமாம் சார்."

தோண்டினார்கள். முழங்கால் ஆழத்தில் கருங்கல் படிக்கட்டு வந்தது. அந்த முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பள்ளம் ஊருக்கே என்று முடிவானது. மழை பெய்த பிறகு வந்த பௌர்ணமியில் குட்டையோரம் கோவிந்தம்மாவைப் பார்த்தேன். மாடுகள் தண்ணீரில் நின்றிருந்தன.

"புதுப் படம் போட்டுட்டீங்களா சார்? இப்பவாச்சும் ஒழுங்கா நடக்கறாங்களா?"

"நடக்கறாங்க."

அதற்குப் பிறகு எந்த ஓவியப் படி கைக்கு வந்தாலும், கோபுரத்தையும் குளத்தையும் அப்புறம்தான் பார்ப்பேன். முதலில் ஆட்கள் எந்தப் பக்கம் நடக்கிறார்கள் என்று பார்ப்பேன்.