பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்

என் மனசுக்கு ஒரு பொல்லாத பழக்கம். நல்ல வார்த்தையை வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். பயமுறுத்துகிற வார்த்தை வந்தால் பாய் விரித்துப் படுக்கவைக்கும்.

அப்போது பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில்வே தொழிலாளர்களுக்கான லயன் வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குப் பட்டறையில் வேலை. இரண்டாவது பிள்ளை வயிற்றில், நிறைமாதம். இந்த முறை நான் பிழைக்கப்போவதில்லை என்று முடிவே கட்டியிருந்தேன். மகளைக் கிள்ளானில் என் நாத்தனாரிடம் விட்டுவிடலாமென்று அவளுடைய பாவாடை சட்டைகளை மூட்டை கட்டினேன். வீட்டுக்காரர் கெஞ்சியும் கேட்கவில்லை.

மகளைப் பெற்றபோது மருத்துவச்சி என்னைப் பார்த்து, "இந்தப் பொண்ணு தாங்காது" என்று சொன்னாள். அவள் வாயின் வெற்றிலை வாசம்கூட எனக்கு நினைவிருந்தது. அதன்பின் மகள் எப்படிப் பிறந்தாள் என்பது துளியும் நினைவில்லை.

லயன் வீடுகளில் நடுப்பலகை கூரைவரை எட்டாது. இங்கே தும்மினால் அங்கே 'நூறு' என்பார்கள். அடுத்த வீட்டு அக்கா வேதக்காரர். எந்நேரமும் கையில் ஜெபமாலை. பாசாரிலிருந்து காய்கறியோடு திரும்பியவர் மூட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"புள்ளைய எங்க அனுப்புறே?"

"கிள்ளானுக்கு. நான் தாங்கமாட்டேன்க்கா. போன தடவ மருத்துவச்சியே சொன்னாங்க."

"அப்புறம் சொன்னது? புள்ள அழுததும், 'நான்தான் தப்பா நெனச்சிட்டேன், இவ கெட்டிக்காரி'ன்னு சிரிச்சாங்களே. நீயும்தான் கூடச் சிரிச்சே. அந்தப் பக்கம் நான் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்!"

நானா சிரித்தேன்? எனக்குக் கோபம்தான் வந்தது. என் பிரசவம் என்னைவிட இவருக்குத்தான் தெரியுமாக்கும்! ஆனாலும் மூட்டையைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். மகள் என்னோடு இருந்தாள்.

"இந்தத் தடவையும் எனக்கு மறந்துபோயிடும்க்கா. நல்லதா ஏதாச்சும் காதுல விழுந்தா எனக்காக வச்சிருங்க."

"வச்சிருக்கேன்."

மகன் பிறந்தான். வலியும் என் அலறலும்தான் மனசில் தங்கின. மற்றதையெல்லாம் அக்கா பலகைக்கு மேலாக எடுத்துக் கொடுத்தார். தம்பியைப் பார்த்து மகள் கைதட்டினாளாம். என் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து அழுதாராம். பயம் வரும்போதெல்லாம் பலகையைத் தட்டுவேன்; சலிக்காமல் மறுபடியும் சொல்லுவார்.

பிறகு அக்காவின் வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்தது. ஸ்டேஷனில் நான் தேம்பித் தேம்பி அழுதேன். வண்டி நகருமுன் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா ஏதோ சொன்னார்.

என்ன சொன்னார் என்பது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அப்படியென்றால் நல்லதாகத்தான் சொல்லியிருப்பார்.