சுவரைப் பார்த்து நின்ற நேரம்

கதை கட்டுகிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. நான் கணக்கு டீச்சர். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் உங்கள் பாடு. இது என் காதால் நானே கேட்டது.

வெள்ளத்தில் நகராட்சிக் கட்டடமே போய்விட்டது. உறுப்பினர்களில் பாதிப் பேர் உயிரோடு இல்லை. ஒன்றரை மாதம் கழித்து அவசரமாகத் தேர்தல் வைத்தார்கள். நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கே பெட்டியைக் கொண்டுபோய் ஓட்டு வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு அப்போது தேர்தலா முக்கியம்? படகில் ஆட்களைக் காப்பாற்றப் போன என் தம்பி வெள்ளத்தன்றே காணாமல் போயிருந்தான். "அவனைக் கண்ணுல காட்டு, அப்புறம் அழுறேன்" என்று அம்மா முகாம் முகாமாக அலைந்துகொண்டிருந்தாள். வீடு வீடாகப் போனால் யாராவது அவனைப் பார்த்ததாகச் சொல்ல மாட்டார்களா என்றுதான் ஒப்புக்கொண்டேன்.

கடைசி வீடு. பிற்பகல் மூன்றரை மணி. கீழ்த்தளம் முழுக்கச் சேறு. வெளிப்படிக்கட்டு வழியாக மாடிக்கு ஏறினேன். கூட வந்த காவலர் கீழேயே நின்றுகொண்டார்.

கட்டிலில் ஒரு பெரியவர். வாதம் வந்து பேச்சு போய்விட்டது. வலது கை மட்டும் கொஞ்சம் அசையும். காது நன்றாகக் கேட்கும். அவர் மனைவி நேர்மாறு. வாய் ஓயாது, காது சுத்தமாகக் கேட்காது. "நல்ல ஜோடிம்மா நாங்க" என்று அந்த அம்மாவே சொல்லிச் சிரித்தார்.

அவர் ஓட்டுச்சீட்டில் குறி போடும்போது யாரும் பார்க்கக் கூடாது. அதுதான் விதி. "முடிஞ்சதும் பெட்டியைத் தட்டுங்கய்யா" என்று சொல்லிவிட்டு, நானும் அந்த அம்மாவும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றோம்.

ஒரு நிமிடம்… இரண்டு நிமிடம்…

டொக்.

பெட்டியில் இல்லை. என் காலுக்குக் கீழே.

டொக்… டொக்…

அந்த அம்மா கொட்டாவி விட்டார்.

குப்பென்று சேற்று வாடை. என் பின்கழுத்தில் ஈரமான மூச்சு…

"ஏய் பெருசு…"

என்னை அப்படிக் கூப்பிடுகிறவன் என் தம்பி ஒருவன்தான்.

"திரும்பாத. பாத்தா பயப்படுவ."

எங்கடா இருக்க? கேட்க நினைத்தேன். உதடுதான் அசைந்தது.

"கீழதான்… அம்மாவ அலையவிடாத."

அவ்வளவுதான்.

திரும்பினேன்.

யாருமில்லை. பெரியவர் குறியே போடவில்லை. என்னையே பார்த்து அழுதுகொண்டிருந்தார்.

மறுநாள் ஆட்களைக் கூட்டிவந்து சேற்றை வாரினோம். கீழ்த்தளத்தில் ஒரு சாமான் அறை. சேறு வெளியிலிருந்து கதவை அடைத்திருந்தது. பெயர்த்தோம். தம்பி உள்ளேதான் இருந்தான், வெள்ளம் எட்டாத பரணுக்குக் கீழே. கதவின் உள்பக்கம் முழுக்க அடித்து அடித்துப் பலகை பிளந்திருந்தது. அம்மா அன்றைக்குத்தான் அழுதாள்.

மாடியிலிருந்து இறங்கிவந்த அந்த அம்மா, அவன் சட்டையைப் பார்த்ததும் நெஞ்சில் அடித்துக்கொண்டார். "ஐயோ, எங்க வீட்டுக்காரரை மேல தூக்கிட்டு வந்த புள்ளம்மா! மருந்துப் பெட்டிய எடுக்கக் கீழ போச்சு. அப்படியே படகுல போயிடுச்சுன்னு நெனச்சேன்…"

சட்டென்று பேச்சு நின்றது. மாடியை நிமிர்ந்து பார்த்தார்.

"தண்ணி வடிஞ்சப்புறம் ரெண்டு நாளு… தரையைக் காட்டிக் காட்டி அழுதாரும்மா அவரு. பசிக்குதுன்னுல்ல நான் ஊட்டிவிட்டுட்டு இருந்தேன்!"