கறுத்த முன்பல்

என் மேல்வரிசையில் ஒரு முன்பல் மட்டும் கறுத்திருக்கும். அண்ணன் அறைந்ததில் வந்த நிறம் அது. பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக்குப் போய்விட்டு இருட்டி வந்தேன், கூட வேலை செய்த பையன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டான், அவ்வளவுதான் குற்றம். கனத்த மோதிரம் போட்ட புறங்கை வாயில் விழுந்தது. மறுநாள் கோயிலில் கேட்டவர்களிடமெல்லாம், "மோட்டார்லேர்ந்து விழுந்துட்டா லா, சொன்னா எங்க கேக்குறா?" என்று அண்ணனே சிரித்தபடி சொல்லிக்கொண்டிருந்தான். கோலா பிலாவுக்கு வெளியே நாங்கள் இருந்த ரப்பர்த் தோட்டத்தில் அவன் மண்டோர். ஆட்களை மேய்க்கிறவன் சொன்னதை யார் மறுப்பார்கள்? அப்பா செத்த வீட்டில் அப்பாவும் அவன்தான்.

பல் விழவில்லை. மெல்லச் சாம்பல் பூத்து, பிறகு கறுத்தது. சில வருஷம் கழித்து அதன் மேலே ஈறில் கொப்புளம் கிளம்பிச் சீழ் வடிந்தது. மம்பாவிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்த நேரம் அது. வீங்கின வாயோடு என்னை உட்காரவைத்தால் அவன் மானம் போய்விடுமாம். ரப்பர்ப் பால் உறைய ஊற்றும் ஆசிட்டில் பஞ்சை நனைத்துக்கொண்டு வந்தான்.

"பாலே கட்டியாயிடுது, சீழு கட்டியாகாதா? வாயத் தொற."

அண்ணி என் கைகளைப் பிடித்துக்கொண்டாள். ஈறு வெந்தது. உதட்டின் உள்பக்கம் தோல் உரிந்து தொங்கியது. நான் போட்ட கூச்சலுக்குப் பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். அவர்கள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

மம்பாவ்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் அண்ணன் என்னை டவுனில் பல் டாக்டரிடம் கூட்டிப்போனான். தமிழ்ப் பெண், சின்ன வயது. "எப்படி அடிபட்டுச்சு?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"மோட்டார்லேர்ந்து விழுந்துட்டா டாக்டர். பிடுங்கிடுங்க, பொய்ப்பல்லு கட்டிக்கலாம்" என்றான் அண்ணன்.

எங்கள் வீட்டில் கூட்டிப்போகிறவர்தான் பேசுவார். நோயாளி வாயைத் திறப்பது டாக்டர் பார்க்க மட்டும். அன்றைக்கு நான் பேசினேன். "பிடுங்க வேணாம் டாக்டர். எனக்குப் பல்லு வேணும்."

வேரைச் சுத்தம் செய்து காப்பாற்றலாம் என்றாள். பல்லின் பின்பக்கம் ஓட்டை போட்டு, மயிர் போன்ற மெல்லிய ஊசிகளை விட்டுச் சுரண்டினாள். செத்த நரம்பு பழுப்பாக, நாற்றத்தோடு வந்தது. கழுவி மருந்து வைத்து, மறுபடி மறுபடி வரச்சொல்லி, கடைசியில் அடைத்தாள். அந்த பஸ் பயணமெல்லாம் தனியாகத்தான் போனேன். "வெள்ளையாக்கிடலாமா?" என்று கேட்டபோது வேண்டாம் என்றேன். நான் சிரிக்கும்போதெல்லாம் அண்ணன் அதைப் பார்க்க வேண்டும். பார்த்தான்.

ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும். சர்க்கரை வியாதியில் அண்ணனுக்கு ஒரு கால் போனது. அண்ணி பிள்ளைகளோடு சிரம்பான் போய்விட்டாள். போன மாதம் அவனுக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்துக் கன்னம் வீங்கியது. தனக்கு வந்தால்தான் தெரியும் தலைவலியும் காய்ச்சலும். தன் பல்லுக்கு மட்டும் அவன் ஆசிட் வைத்துக்கொள்ளவில்லை. எனக்குப் போன் போட்டான்.

"ஒனக்குச் செஞ்ச மாதிரியே எனக்கும் செய்யச் சொல்லுமா. மெல்லுறதுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கு."

அதே டாக்டர். மருந்தில் வீக்கம் வடிந்த பிறகு படம் எடுத்துப் பார்த்தாள். "காப்பாத்தலாம் அக்கா. ஆனா பல தடவை வரணும். நீங்க கூட்டிட்டு வருவீங்களா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். அப்படி ஒரு கெஞ்சலை அந்த முகத்தில் நான் கண்டதே இல்லை. எனக்கு இனித்தது.

"என்னால ஆகாது டாக்டர். கூட்டிட்டு வர வேற ஆளும் இல்ல. பிடுங்கிடுங்க, பொய்ப்பல்லு கட்டிக்கலாம்."

டாக்டர் அவனிடம் இரண்டு முறை கேட்டாள். எதிரே நான் சிரித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் தலையாட்டினான். பிடுங்கின இடத்தில் பஞ்சை வைத்து இறுக்கிக் கடிக்கச் சொன்னாள். கையைக் கழுவிக்கொண்டே என் பல்லைப் பார்த்தாள்.

"அன்னிக்கு நீங்க சொல்லவே இல்லியே அக்கா. நெசமா மோட்டார்லேர்ந்துதான் விழுந்தீங்களா?"

"இல்ல டாக்டர். இவருதான் அறைஞ்சாரு. அப்புறம் ரப்பர் ஆசிட்ட வச்சுத் தேச்சாரு."

அண்ணன் ஏதோ சொல்ல வந்தான்.

"வாயத் தொறக்காதீங்க சார்" என்றாள் டாக்டர்.

அவன் பஞ்சைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தான்.