பாதி லோடு

பிக்கப் வண்டி விற்கும் கடையில் பதினோரு வருஷமாக இருந்தவள் அவள். யார் உள்ளே நுழைந்தாலும் முதலில் கேட்பது, "என்ன ஏத்தப் போறீங்க?" என்பதுதான். பிள்ளைகுட்டியோடு பயணம் போய், அவ்வப்போது சாமானும் ஏற்றுகிறவர்களுக்கு இரட்டைக் கேபின். தினமும் பாரம் அடிக்கிறவர்களுக்கு ஒற்றைக் கேபின். பின்தட்டு நீளம், அடியில் பட்டை ஸ்பிரிங். சேற்றுக்காட்டில் ஓடுகிறவர்களுக்கு நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. ஆசைப்பட்டு வருகிறவர்களைத் தேவைக்குத் திருப்புவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

அன்று வந்தவர் தரைக்குக் கல் பதிப்பவர். கூட அவருடைய அக்கா. தம்பிக்கு இரட்டைக் கேபின் மேல் கண். உயரம், பளபளப்பு, தானியங்கி கியர். கல்லுக்கு இது ஒத்துவராது என்று இவள் சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்பதாயில்லை. சரி, பாரத்தோடு ஓட்டிப் பாருங்கள், உங்களுக்கே புரியும் என்று விட்டாள். அவருடைய கிடங்கில் கல் ஏற்றினார்கள். பாதி லோடுதான் என்றார். அவளும் தலையாட்டினாள்.

அவர் ஓட்டினார்; பக்கத்தில் இவள், பின்னிருக்கையில் அக்கா. மேட்டுக் குடியிருப்புக்கு வண்டி முனகாமல் ஏறியது. அவர் முகமெல்லாம் சிரிப்பு. இறங்கும்போது இரண்டாவது வளைவில் அவளுக்கு வாடை அடித்தது. ரப்பரும் இரும்பும் கருகுகிற வாடை. அவர் காலைப் பிரேக்கிலிருந்து எடுக்கவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள்.

"மேடம், பெடல் கீழ போகுது," என்றார் அவர், மிக மெதுவாக.

சாலை நேராகக் கீழே ஓடியது. அதன் முடிவில் பேருந்து நிறுத்தம். குடை பிடித்தபடி நாலைந்து பேர். பின்னால் கல் சரிந்து கேபின் முதுகில் மடேரென்று மோதியது. அக்கா முன்னிருக்கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். இவளுக்குத் தன் மகள் பள்ளிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பாள் என்ற நினைப்பு எங்கிருந்தோ வந்து போனது.

அவர் கை ஸ்டீயரிங்கில் உறைந்துவிட்டது. சொல்லிப் பயனில்லை என்று அவளே கையை நீட்டி, கியர்த் தண்டைப் பக்கவாட்டில் தள்ளி, தானியங்கியைக் கைமுறைக்கு மாற்றி, கியரை ஒவ்வொன்றாகக் குறைத்தாள். என்ஜின் அலறியது. வேகம் கொஞ்சம் செத்தது. ஆனால் நிற்கவில்லை.

"சார், இடது பக்கம் மணல் தெரியுதா? அதுல விடுங்க. என்னைப் பாக்காதீங்க, மணலைப் பாருங்க."

கட்டுமான மணல்மேட்டில் வண்டி மூக்கைப் புதைத்து நின்றது.

இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தபோதுதான் அவளுக்கு உயிரே போனது. எண்ணிக்கையில் பாதிதான். ஆனால் ஒவ்வொரு கல்லும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கனம். எல்லாரையும் துருவித் துருவிக் கேட்கிறவள் இதைக் கேட்கவில்லை.

மேலாளரிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். இனி எடை போட்டுப் பார்க்காமல் பாரத்தோடு வண்டி வெளியே போகக் கூடாது என்று அவர் உத்தரவு போட்டார். அவள் வேலை தப்பியது.

பத்து நாள் கழித்து அக்கா மட்டும் வந்து, தம்பிக்கு ஒற்றைக் கேபின் போதும் என்றாள். "அவன் இப்ப கல்லை ரெண்டு நடையாத்தான் அடிப்பேன்னு சொல்றான். நீங்க எப்படி இருக்கீங்க?"

நல்லாயிருக்கேன் என்று சொல்லி வைத்தாள். உண்மையில், பேருந்து சரிவில் இறங்கினால் இப்போதும் அவள் உள்ளங்கை வியர்த்துவிடும். முன்னிருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காற்றில் மூக்கை வைத்து, கருகல் வாடை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.