அடையாற்றங்கரை எருக்கு

தாமிரம் தேடி ஊர் ஊராக அலைவது என் தொழில். செடியின் இலையைப் பறித்து எரித்து, அந்தச் சாம்பலைச் சோதித்தால் அடிமண்ணில் என்ன உலோகம் இருக்கிறதென்று தெரிந்துவிடும். போன முறை சென்னைக்கு வந்தபோது சும்மா அடையாற்றங்கரை எருக்கிலையையும் பறித்துக்கொண்டு போனேன். சோதனையில் நிக்கலும் குரோமியமும் ஏராளம். நம்ப முடியாமல் இன்று மறுபடியும் வந்து பறித்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுவேலை முடித்து பஸ்ஸுக்குப் போகிற ஓர் அம்மா நின்று பார்க்கிறார்.

"இன்னா சார், எருக்க எலைய பறிச்சிக்கினு கீறீங்க? கால் வலிக்குக் கட்டவா?"

"இல்லம்மா. மண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்க."

அவர் கம்பிவேலிக்குள் இருக்கும் புதுப் பூங்காவைக் காட்டுகிறார். "எங்க வூடு அங்கதான் இருந்துச்சு. நாங்கதான் ஆத்த நாறடிக்கிறோம்னு சொல்லி ஊருக்கு வெளிய கடாசிட்டாங்க. இப்ப ரெண்டு பஸ் மாறி வேலைக்கு வரேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆறு கொண்டுவந்து போட்ட வண்டலில் நிக்கல் எங்கிருந்து முளைக்கும்? எந்தக் குடிசையில் குரோமியம் போட்டுக் குழம்பு வைத்தார்கள்? பழி போட்டவர்களில் ஒருவருக்குக்கூட ஓர் இலையைப் பறித்துப் பார்க்கத் தோன்றவில்லை!

எதிர்க்கரையில் நிக்கல், குரோமிய முலாம் பூசும் பட்டறையின் குழாய் இப்போதும் பச்சைத் தண்ணீரை ஆற்றில் கொட்டுகிறது. அதைக் காட்டி, இலையில் இருந்தது அந்த விஷம்தான் என்கிறேன்.

அவர் குழாயையே பார்க்கிறார். பிறகு என் பக்கம் திரும்புகிறார்.

"அப்ப அந்தப் பட்டறைய மட்டும் ஏன் சார் இங்கயே வுட்டு வெச்சிக்கிறாங்க?"