பாவா குதித்த பாலம்

எங்கள் தெருமுனையில், பொதட்டூர்பேட்டை பஸ் போகிற சாலையில், ஏரிக் கால்வாயின்மேல் ஒரு பழைய பாலம் இருந்தது. பஸ் அதில் ஏறினால் எங்கள் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுக்கும். புதுப்பாலம் கேட்டுத் தெருவே சேர்ந்து மனுமேல் மனு கொடுத்தோம். கடைசியில் பார்வையிட ஓர் இளம் இன்ஜினியர் வந்தார்.

அன்றைக்கென்று பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டது. பாலத்தில் வந்ததெல்லாம் சைக்கிளும் ஆடுகளும்தான். பாலம் மலைக்கோயில் மண்டபம் மாதிரி அசையாமல் கிடந்தது.

"நல்லாத்தானே இருக்கு?" என்றார் இன்ஜினியர்.

"வெயிட்டு ஏறினாதான் சார் ஆடும்," என்றார் எதிரே பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் பாய். சொல்லிவிட்டு என் பாவாவைப் பார்த்தார். பாவா என் அக்காவின் கணவர், விவசாயி. அவர் உட்கார்ந்தால் பிளாஸ்டிக் நாற்காலி நான்கு காலையும் விரித்துவிடும்.

"பாவா, நடுவுல போய் கொஞ்சம் குதிங்க," என்றேன்.

"நா இன்னா ரோடு ரோலரா? வேற ஆளே இல்லியா? உங்க அக்கா இல்ல?"

"இன்னா சொல்லிகினு இருக்கீங்க?" என்றது அவர் முதுகுக்குப் பின்னால் அக்காவின் குரல்.

பாவா நடுப்பாலத்துக்குப் போய்க் குதித்தார். பாலம் அசையவில்லை. பாயும் போய்ச் சேர்ந்துகொண்டார். டிபன்கடை அம்மா கையில் தோசைத்திருப்பியோடு வந்தார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். எல்லோரும் ஒரே தாளத்தில் குதித்தோம்.

அந்த நேரம் ஆந்திராவிலிருந்து மலைக்கோயிலுக்குக் காவடியோடு வந்த வேன் ஒன்று நின்றது. என்ன விசேஷம் என்று தெலுங்கில் கேட்டார்கள். வேண்டுதல் என்று டிபன்கடை அம்மா தெலுங்கிலேயே சொல்லிவிட்டார். மஞ்சள் வேட்டிகள் இறங்கி வந்து, "அரோகரா" சொல்லிக் குதித்தன.

இன்ஜினியருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கைப்பிடிச் சுவரில் சாய்ந்தார். சுவர் அவரையும் கூட்டிக்கொண்டு கால்வாயில் இறங்கியது.

முழங்கால் தண்ணீர்தான். ஆகாயத்தாமரைக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். ஓர் அடியும் படவில்லை. மேலிருந்து ஒரு பக்தர் அவரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பாவா துண்டை நீட்டித் தூக்கிவிட்டார்.

"எழுதிடறேங்க," என்றார் இன்ஜினியர்.

எழுதினார். அகலமான புதுப்பாலம் வந்தது. ஆனால் ஒன்றை நாங்கள் யோசிக்கவில்லை. பழைய பாலத்துக்குப் பயந்து பஸ் ஊர்ந்து போகும். நாங்களும் அங்கேயே தொற்றிக்கொள்வோம். எங்களுக்கென்று நிறுத்தம் எதுவும் கிடையாது. இப்போது பஸ் பறந்தது. பாவா பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் காலை சாலை நடுவே கையை விரித்து நின்றுவிட்டார்.

பஸ் நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"எங்க போவணும்?"

பாவாவுக்கு எங்கும் போக வேண்டியதில்லை. பஸ் முழுக்க அவரையே பார்த்தது. "ஆங், பொதட்டூர்பேட்டை," என்று சொல்லி ஏறிவிட்டார்.

மத்தியானம் அந்த ஊர்த் தறியில் நெய்த இரண்டு லுங்கிகளோடு வீடு திரும்பினார். ஒன்று அவர் இடுப்பைச் சுற்றி வர எட்டவில்லை. அதைப் பாய்க்குக் கொடுத்துவிட்டார்.